கோடையில் அலைகரைக்கு வரும் பெருங்குளவிகளை அவதானிப்பது எப்படி?

அலைகரையான் (ஒட்டுசுட்டான்) கேட்டது:

வணக்கம். முத்தையன்கட்டுக் குளத்துக்கு அண்மையிலுள்ள பாடசாலையொன்றில் விஞ்ஞானம் கற்பிக்கிறேன். சோளகக் காற்று எழுந்து குளம் வற்றத் தொடங்கும் ஆனி, ஆடி மாதங்களில், நீர் பின்வாங்கி ஈரச் சேறு வெளித்தெரியும் அலைகரைக்குக் காலை வெயிலோடு பலவகைக் குளவிகள் வந்திறங்குவதைக் கவனித்து வருகிறேன். அவற்றுள் அளவிற் பெரியவை மூன்று. ஒன்று, கறுத்த உடலும் வயிற்றின் முன்பகுதியில் அகன்ற செம்மஞ்சள் பட்டையும் கொண்டு, அதிரும் ஓசையோடு வந்து நீர் குடித்துவிட்டுப் போவது. இன்னொன்று, இடை நூலளவாக ஒடுங்கி, மஞ்சட் கால்களோடு, சேற்றை உருண்டையாக்கி எடுத்துச் செல்வது. மூன்றாவதை ஈரத்தில் காண்பதில்லை. அலைகரைக்கு மேலே மருத மரங்களின் கீழுள்ள மணற்பாங்கான தரையில், செம்மஞ்சட் சிறகும் நீலங்கலந்த கறுப்பு உடலும் உள்ள அந்தக் குளவி, தன்னைவிடப் பருத்த சிலந்தியொன்றைப் பின்புறமாக நடந்தபடியே இழுத்துச் சென்றது.

இவற்றைப் பிடித்துக் கொன்று ஊசியில் குத்தி வைக்கும் சேகரிப்பில் எனக்கு நாட்டமில்லை. ஓரிடத்தில் இருந்து, அவை என்ன செய்கின்றன என்பதைப் பார்த்து எழுதி வைக்கவே விரும்புகிறேன். முடிந்தால் உயர்தர வகுப்பு மாணவர் சிலரையும் அழைத்துச் செல்ல எண்ணியுள்ளேன். ஆனால் குளவிக் கொட்டுக்கு இலக்கானவர்களைப் பற்றிய செய்திகள் பத்திரிகைகளில் அடிக்கடி வருவதால் பெற்றோர் தயங்குகின்றனர். ஊரவர்களோ, "கூட்டைக் கண்டால் பந்தம் பிடித்துக் கொளுத்திவிடுங்கள், சேர்" என்கிறார்கள். எது உண்மையில் ஆபத்தானது, எவ்வளவு தூரத்தில் இருந்து பார்க்கலாம், எவற்றைக் குறித்து வைத்தால் அக்குறிப்புப் பின்னர் பயன்படும் என்பவற்றைக் காட்டோரங்களில் பார்த்துப் பழகியவர்கள் கூறினால் நன்றியுடையேன்.

முதிரைநிழல் (நெடுங்கேணி) பதில்:

ஆசிரியர் அவர்களுக்கு வணக்கம். நீங்கள் கூறிய மூன்றும் மூன்று வெவ்வேறு குடும்பங்களைச் சேர்ந்தவை. அவற்றில் முதலாவது மட்டுமே கூட்டமாக வாழ்ந்து, கூட்டைக் காக்கத் திரண்டு வந்து கொட்டும். மற்றைய இரண்டும் தனித்து வாழ்பவை. தனித்து வாழும் பெண் குளவி தானே கூடமைத்து, தானே இரை தேடி, தானே முட்டையிட வேண்டியிருப்பதால், கூட்டுக்காகச் சண்டைக்குப் போனால் அதன் வம்சமே அத்துடன் முடிந்துவிடும். ஆகவே கையால் பிடித்தாலோ, உடைக்குள் அகப்பட்டு நசுங்கினாலோ அன்றி அது கொட்டுவதில்லை. கொடுக்கு என்பது முட்டையிடும் உறுப்பின் மாற்றுருவம் என்பதால் எந்த இனத்திலும் ஆண் குளவி கொட்டாது என்பதையும் மாணவர்களுக்கு முதலிலேயே சொல்லிவிடுங்கள். அரைவாசிப் பயம் போய்விடும்.

செம்மஞ்சள் பட்டையுள்ளதைச் சற்று உன்னித்துப் பாருங்கள். வயிற்றின் முதலிரண்டு துண்டங்களும் மஞ்சளாக இருந்தால் அது வெஸ்பா அஃபினிஸ். முதலாம் துண்டம் கறுத்து, இரண்டாவது மட்டும் பட்டையாகத் தெரிந்தால் வெஸ்பா ட்ரொப்பிக்கா. இரண்டிலும் வேலையாட் குளவி ஏறக்குறைய இரண்டரை சென்ரிமீற்றர் நீளமிருக்கும், இராணி மூன்றை எட்டும். அஃபினிஸ் மரக்கொப்பிலும் பத்தையிலும் சில வேளைகளில் வீட்டுத் தாழ்வாரத்திலும் பெரிய கடதாசிக் கூடு கட்டும். ட்ரொப்பிக்காவின் கூடு பெரும்பாலும் நிலப்பொந்திலோ மரப்பொந்திலோ மறைந்திருக்கும். நடமாடுபவர்களுக்கு இதுவே கூடுதலான சங்கடத்தைத் தருவது. இன்னோர் அடையாளமும் உண்டு. இந்தக் குடும்பத்துக் குளவிகள் ஓய்ந்திருக்கும்போது முன்சிறகை நெடுக்காக மடித்துக்கொள்வதால் சிறகு ஒடுங்கிய கீற்றாகவே தெரியும். சேறு சுமப்பதும் சிலந்தி இழுப்பதும் சிறகை அவ்வாறு மடிப்பதில்லை.

இனி முக்கியமான விடயம். ஆபத்து குளவியில் இல்லை, அதன் கூட்டுக்கும் உங்களுக்கும் இடையேயுள்ள தூரத்தில் இருக்கிறது. நீர்க்கரையில் நிற்கும் குளவிக்கு அங்கே காப்பதற்கு ஒன்றுமில்லை. அதன் வழியை மறிக்காமல், கையை வீசாமல், தாழ இருந்தால் ஒரு மீற்றர் தூரத்தில் இருந்துகூடப் பார்க்கலாம். இதனாற்றான் வன்னியில் குளவி பார்க்க விரும்புகிறவர்களுக்கு நான் காட்டைச் சொல்வதில்லை, குளத்தையே சொல்கிறேன். மாரியில் எங்கும் ஈரம் இருப்பதால் குளவிகள் சிதறிப்போகும். ஆனி தொடக்கம் புரட்டாதி வரை மோட்டைகளும் சிறுகுளங்களும் காய்ந்துவிடுவதால், காட்டுக்குள் இருப்பனவெல்லாம் எஞ்சிய சில நீர்க்கரைகளுக்கே வந்தாக வேண்டும். காட்டுக்குள் நாள் முழுவதும் அலைந்தும் காணாத வகைகளை, துருசின் (குளத்து மதகின்) கீழே கசியும் வாய்க்காலோரத்தில் ஒரு மரநிழலில் இருந்து பார்த்துவிடலாம்.

கரையில் ஒவ்வொன்றும் என்ன செய்கிறது என்பதைப் பிரித்துப் பாருங்கள். உங்களுடைய நூலிடைக் குளவி ஸெலிஃப்ரோன் என்ற சாதியைச் சேர்ந்த மண்குளவி. அது ஈரச் சேற்றில் தலையைத் தாழ்த்தி, வயிற்றை மேலே தூக்கி நின்று, நெஞ்சறைத் தசைகளை அதிரவைத்தபடி தாடையால் சேற்றைக் கிள்ளி உருட்டும். அந்த நேரத்தில் மெல்லிய கீச்சொலியொன்று கேட்கும். காற்று விழுந்திருக்கும் காலை வேளையில் இது நன்கு தெளிவாகும். உருண்டையைத் தாடைக்கும் முன்காலுக்கும் இடையில் வைத்துக்கொண்டு எழும்பிப் போகும். குடுவை வடிவில் சிறு மண்கூடு கட்டும் டெல்ட்டா சாதிக் குளவிகளும் அதே கரைக்கு வரும், ஆனால் அவை சேற்றை எடுப்பதில்லை. நீரை மட்டும் வயிற்றில் நிரப்பிக்கொண்டு மேட்டிலுள்ள காய்ந்த செம்மண்ணுக்குப் போய், அங்கே நீரைக் கக்கி மண்ணைக் குழைத்து உருண்டை செய்யும். கட்டுமானப் பொருளை ஒன்று ஆயத்தமாகவே எடுக்கிறது, மற்றது தானே தயாரிக்கிறது. ஒரு கரையில் இருந்துகொண்டே இந்த வேறுபாட்டைக் காண முடிவதுதான் இந்த அவதானிப்பில் எனக்கு மிகவும் பிடித்த பகுதி. பட்டையுள்ள பெருங்குளவியோ நீரை இரண்டு தேவைகளுக்கு எடுத்துச் செல்கிறது: வெக்கையில் கூட்டைக் குளிர்விக்கவும், மரநாரை மென்று கூழாக்கிக் கூட்டின் சுவரைக் கட்டவும்.

அந்த மரநாரை எங்கே எடுக்கிறது என்று பார்க்க விரும்பினால் வெயிலில் வெளிறிப்போன பழைய வேலிக் கதியால்களையும் பனஞ்சலாகைகளையும் கவனியுங்கள். குளவி தலைகீழாகவோ நெடுக்காகவோ நின்று பின்னோக்கி நகர்ந்தபடி சுரண்டும். அருகே இருந்தால் தாடை மரத்தில் உரசும் ஒலி காதில் விழும். அது போனபின் சாம்பல் நிறக் கட்டையில் வெளிறிய கீற்றொன்று எஞ்சியிருக்கும். அக்கீற்றுகள் பல இருந்தால் அண்மையில் கூடு உண்டு என்று பொருள். இரையைப் பிடித்த பெருங்குளவி ஒரு பின்காலால் சுள்ளியில் தொங்கிக்கொண்டு, தேனீயின் தலை, சிறகு, கால், வயிறு எல்லாவற்றையும் வெட்டி வீழ்த்தி, பறப்புத் தசை நிறைந்த நெஞ்சறையை மட்டும் உருண்டையாக்கிக் கூட்டிலுள்ள குடம்பிகளுக்கு (புழுப்பருவக் குஞ்சுகளுக்கு) கொண்டுபோவதையும் காணக்கூடும். வளர்ந்த குளவியின் இடை மிக ஒடுங்கியிருப்பதால் திடவுணவு அதனூடே செல்லாது. அது பழச்சாறும் மரப்பாலும் கள்ளும் குடித்து வாழ்கிறது, குடம்பிகள் சுரக்கும் இனிய நீரையும் பெற்றுக்கொள்கிறது. பாலைப்பழக் காலத்தில் மரத்தடியில் புளித்துக் கிடக்கும் பழங்களையும், கள்ளு முட்டியின் வாயையும் பார்க்கத் தவறாதீர்கள்.

ஓர் எச்சரிக்கை. நீர்க்கரையிலிருந்து எழும் பெருங்குளவிகள் ஒன்றன்பின் ஒன்றாக ஒரே திசையில் நேராகப் போகின்றன என்றால், அந்தத் திசையைக் குறிப்பேட்டில் எழுதுங்கள், ஆனால் அத்திசையில் பத்தைக்குள் நுழையாதீர்கள். கூட்டைக் கண்டுவிட்டால் 20 மீற்றருக்குக் குறையாத தூரத்தில், பறப்புப் பாதைக்குப் பக்கவாட்டில் இருந்து தொலைநோக்கியால் பாருங்கள். காவற்குளவி ஒன்று முகத்துக்கு நேரே வந்து நின்று பறந்துவிட்டுத் திரும்பினால் அதுவே எச்சரிக்கை. அப்போதே அமைதியாகப் பின்னகர்ந்துவிட வேண்டும்.

மாங்குளத்தாள் பதில்:

நான் தாதியாகப் பணிபுரிகிறேன். குளவிகளைப் பற்றி முதிரைநிழல் ஐயா கூறியவற்றில் எனக்குச் சொல்ல ஒன்றுமில்லை. மாணவர்களை அழைத்துச் செல்வதைப் பற்றி மட்டும் எழுதுகிறேன்.

புறப்படுவதற்கு முன் ஒவ்வொரு மாணவரின் பெற்றோரிடமும், முன்பு தேனீயோ குளவியோ கொட்டியபோது உடல் முழுவதும் தடித்ததா, மூச்சு முட்டியதா, மயக்கம் வந்ததா என்று கேட்டு எழுதி வாங்குங்கள். ஆம் என்பவரை அழைத்துச் செல்ல வேண்டாம். கொட்டிய இடம் வீங்கி நோவது யாவருக்கும் நிகழ்வதுதான். அதற்குக் குளிர் ஒத்தடம் போதும். விரலில் கொட்டியிருந்தால் வீங்குவதற்கு முன் மோதிரத்தைக் கழற்றிவிட வேண்டும். தேனீ கொடுக்கை விட்டுச் செல்லும் என்பதால் அதை உடனே சுரண்டி எடுக்க வேண்டும். குளவி கொடுக்கை விடாது, ஆகையால் மீண்டும் மீண்டும் கொட்ட அதனால் முடியும். சுண்ணாம்பு பூசுவதிலும் வெங்காயம் தேய்ப்பதிலும் நேரத்தைக் கடத்தாதீர்கள்.

உதடு, நாக்கு வீங்குதல், குரல் அடைத்தல், உடல் முழுவதும் தடிப்பு, வாந்தி, தலைச்சுற்று ஆகியவற்றில் எதுவாயினும் தோன்றினால் அது ஒவ்வாமை அதிர்ச்சி. அட்ரினலின் ஊசி போடக்கூடிய வைத்தியசாலைக்கு நிமிடம் தாமதியாமல் கொண்டுசெல்ல வேண்டும். 1990 என்ற இலக்கத்துக்கு அழைத்தால் நோயாளர் காவுவண்டி கட்டணமின்றி வரும். அலைகரையின் எந்த மூலையில் தொலைபேசிச் சமிக்ஞை கிடைக்கிறது என்பதை முதலே பார்த்து வையுங்கள். ஒவ்வாமை இல்லாதவரும் பல கொட்டுகள் வாங்கினால், அன்று நன்றாக இருப்பதாகத் தோன்றினாலும், வைத்தியசாலைக்கு வந்தே ஆக வேண்டும். அதிகளவு நஞ்சு தசைகளைச் சிதைத்துச் சிறுநீரகத்தைச் செயலிழக்கச் செய்யக்கூடும், அதன் அறிகுறிகள் பிந்தித்தான் தெரியும். வெளிர்நிற முழுக்கைச் சட்டை, தொப்பி, மூடிய சப்பாத்து அணியச் சொல்லுங்கள். வாசனைத் தைலம் வேண்டாம்.

தேன்வதை (துணுக்காய்) பதில்:

பெருங்குளவியை நான் பார்ப்பது தேனீக்களின் பக்கத்தில் நின்று. எங்கள் வளவில் பெட்டிகளில் வளர்க்கும் சிறு தேனீக்களின் வாசலில் அஃபினிஸ் வந்து அந்தரத்தில் நின்று, திரும்பி வரும் தேனீயைப் பறப்பிலேயே பறித்துக்கொள்ளும். தேனீக்களும் சும்மா இருப்பதில்லை. குளவி வாசலில் கால் வைத்தால் பெருந்தொகையாகப் பாய்ந்து அதை மூடி, தசைகளை அதிரவைத்து வெப்பத்தை உண்டாக்கி அவித்தே கொன்றுவிடும். யப்பானில் இதே இனத் தேனீயை ஆராய்ந்து 1995இல் எழுதியவர்கள், அந்தத் திரளின் நடுவில் ஏறக்குறைய 47 பாகை செல்சியசை அளந்திருக்கிறார்கள். அந்த வெப்பத்தைத் தேனீ தாங்கும், குளவி தாங்காது.

மாணவர்களுக்குக் காட்டுவதற்கு இதைவிடப் பாதுகாப்பான காட்சியொன்று உண்டு. உயர்ந்த பாலை மரக் கொப்பிலோ தண்ணீர்த் தாங்கியின் கீழோ பெருந்தேனீயின் வதை திறந்தபடி தொங்கினால், வெகு தூரத்தில் இருந்து தொலைநோக்கியை அதில் நிறுத்தி வையுங்கள். பெருங்குளவி ஒன்று அருகே பறந்ததும் வதையை மூடியிருக்கும் தேனீக்கள் வயிற்றை வரிசையாக உயர்த்தித் தாழ்த்த, சோளகம் நெல்வயலில் ஓடுவது போல ஓர் அலை வதையின் மேல் ஓடும். நேபாளத்தில் செய்து 2008இல் வெளியிட்ட ஆய்வொன்று, அந்த அலை குளவியை வதையின் அருகிலிருந்து விலக்கிவைக்கிறது என்பதைக் காட்டியது. ஆனால் பெருந்தேனீ திரண்டு வந்தால் அஃபினிஸைவிட மோசம். வதையின் கீழே எவரையும் நிற்க விடாதீர்கள்.

முதிரைநிழல் ஐயா ஒரு மீற்றர் என்று எழுதியதோடு நான் உடன்படவில்லை. அவர் தனியாகச் சென்று அசையாமல் இருக்கக்கூடியவர். பதினேழு வயதுப் பிள்ளைகள் பலர் சேர்ந்தால் ஒருவராவது துள்ளி எழும்புவார். மூன்று மீற்றர் என்று கோடு கீறிவிடுங்கள்.

கூட்டை எரிப்பது பற்றி. பாடசாலைக் கூரையிலோ, ஆட்கள் நடக்கும் ஒழுங்கையிலோ கூடு இருந்தால், காப்புடை உள்ளவர்களைக் கொண்டு இரவில் அகற்றத்தான் வேண்டும். அதில் இரக்கத்துக்கு இடமில்லை. அதற்காகக் காட்டுக்குள் இருப்பதைத் தேடிப்போய்ப் பந்தம் பிடிப்பது வீண் வேலை. ஆடிச் சோளகத்தில் காய்ந்த இலுக்கில் ஒரு பொறி விழுந்தால் காடு எரியும், குளவியோ தப்பிய இராணியோடு வேறெங்காவது போகும். என் தேனீக்களைத் தின்கிற பூச்சிக்காக நான் பரிந்து பேசுவதாக நினைக்க வேண்டாம். அது இலைகளில் இருந்து தூக்கிச் செல்லும் மயிர்க்கொட்டிகளையும் நான் பார்த்திருக்கிறேன்.

கிறவல்வீதி பதில்:

சுருக்கமாக மூன்று விடயங்கள். கண்ணிவெடி அகற்றி ஒப்படைக்கப்பட்ட நிலம் என்று உறுதியாகத் தெரியாத இடத்தில், சிவப்புப் பலகை இல்லை என்பதை மட்டும் நம்பிப் பாதையை விட்டு இறங்க வேண்டாம். பூச்சியைத் தொடர்ந்து போகிறவர் தரையைப் பார்ப்பதில்லை. பின்னேரம் நான்கு மணிக்குப் பின் அலைகரை யானைகளுக்குரியது. சுண்டிக்குளம், மடு வீதி போன்ற தேசிய பூங்காக்களின் எல்லைக்குள் பூச்சியாயினும் அனுமதியின்றிப் பிடிப்பது 1937ஆம் ஆண்டின் தாவர விலங்கினப் பாதுகாப்புக் கட்டளைச் சட்டத்துக்கு மாறானது, ஆகவே அங்கே கமரா மட்டும் போதும்.

படமெடுக்கும்போது மேலிருந்து ஒன்று, பக்கவாட்டில் ஒன்று, முகத்துக்கு நேரே ஒன்று என மூன்று கோணங்களில் எடுங்கள். சிறகின் நரம்பும் வயிற்றுத் துண்டங்களும் தெளிவாக இருந்தால், ஐநேச்சுரலிஸ்ட் தளத்தில் இடம், திகதியோடு ஏற்றும்போது பிற நாட்டு அறிஞர்களும் இனங்காண உதவுவார்கள். தொலைநோக்கி வாங்குவதாயின் எட்டு மடங்கு போதுமானது. அது இரண்டு மீற்றர் அண்மை வரை குவியுமா என்பதைக் கடையிலேயே சோதித்து வாங்குங்கள். பறவை பார்ப்பவர்கள் இதைக் கவனிப்பதில்லை, பூச்சி பார்ப்பவருக்கு இதுவே முதன்மையானது.

அலைகரையான் எழுதியது:

அனைவருக்கும் நன்றி. மாங்குளத்து அக்கா கூறியபடி பெற்றோரிடம் கேட்டு வாங்கும் படிவமொன்றை ஆயத்தப்படுத்திவிட்டேன். தூரத்தைப் பொறுத்தவரை தேன்வதை அண்ணாவின் மூன்று மீற்றரையே வைத்துக்கொள்கிறேன். பட்டையையும் பார்த்துவிட்டேன், முதலிரண்டு துண்டங்களும் மஞ்சள்.

ஆனால் சிலந்தி இழுத்த குளவியைப் பற்றி ஒருவரும் விரிவாக எழுதவில்லை. அச்சிலந்தி இறந்ததாகத் தெரியவில்லை, கால்கள் இடையிடையே அசைந்தன. குளவி அதைப் பாதியில் போட்டுவிட்டு ஓடிப்போய்த் திரும்பியும் வந்தது. அது எதற்காக? அத்துடன் அதே மணலில் பச்சை மினுக்கமுள்ள வேறொரு குளவியும் துளையொன்றுக்குள் போய்வருகிறது. மாணவர்களைக் கொண்டு செய்யக்கூடிய எளிய பரிசோதனை ஏதேனும் இருக்குமா?

முதிரைநிழல் பதில்:

சிலந்தி இறக்கவில்லை, முடங்கியிருக்கிறது. உங்கள் குளவி பொம்பிலிடே குடும்பத்தைச் சேர்ந்த சிலந்திக் குளவி. நிலத்தில் ஓடும்போது சிறகை விட்டுவிட்டு உதறுவதும், உணர்கொம்பைச் சுருட்டியபடி அலைவதும் அதன் அடையாளம். அது ஓர் அறைக்கு ஒரேயொரு சிலந்தியை மட்டும் வைத்து, அதன் வயிற்றில் ஒரு முட்டையிட்டு, துளையை மூடிவிடும். குடம்பி உயிருள்ள சிலந்தியை உண்ணத் தொடங்கினாலும் உயிருக்கு இன்றியமையாத உறுப்புகளைக் கடைசி வரை விட்டுவைப்பதால் இறைச்சி பழுதடைவதில்லை. மண்குளவியும் சிலந்தியைத்தான் பிடிக்கிறது, ஆனால் ஓர் அறையில் பல சிறு சிலந்திகளை அடைக்கிறது. இடையில் போட்டுவிட்டு ஓடுவது பெரும்பாலும் வழியையோ துளையையோ பார்த்துவருவதற்காக. அந்நேரத்தில் சிலந்தியை எறும்பு எடுத்துச் செல்வதும் உண்டு. பற்றையின் மேல் தூக்கி வைத்துவிட்டுப் போகும் குளவிகளையும் காணலாம்.

2009இல் மாங்குளத்தில் கிடைத்து 2012இல் பெயரிடப்பட்ட பெருஞ்சிலந்தி, கால்களை விரித்தால் 20 சென்ரிமீற்றர் வரை வரக்கூடியது. மாணவர்கள் அதுதானோ என்று கேட்பார்கள். அது மரப்பொந்தில் வாழ்வது. பகலில் மணற்தரையில் இழுபடுவது பெரும்பாலும் நிலத்தில் ஓடி வேட்டையாடும் சிலந்திகளில் ஒன்றாகவே இருக்கும்.

பச்சை மினுக்கம் என்றால் இரண்டு சாத்தியங்கள் உண்டு. மணலில் துளையிட்டு வெட்டுக்கிளியின் உறவான பெரிய சில்வண்டைப் பிடித்துச் செல்வதாயின் குளோரியன் லொபாற்றம். வீட்டோரத்திலும் மரப்பொந்தடியிலும் கரப்பானைத் தேடுவதாயின், தொடைகள் சிவந்திருப்பதாயின், அம்புலெக்ஸ் கொம்பிரெஸ்ஸா. பின்னையதன் வேலை நுட்பமானது. முதற்கொட்டு நெஞ்சறையில் விழ, கரப்பானின் முன்கால்கள் சற்று நேரம் முடங்கும். இரண்டாவது கொட்டு தலைக்குள், மூளையின் குறித்த பகுதியிலேயே நஞ்சைச் சேர்க்கும். அதன்பின் கரப்பானால் நடக்க முடியும், தானாக நடக்கத் தொடங்கத்தான் முடியாது. குளவி அதன் உணர்கொம்புகளைப் பாதியில் வெட்டி, கசியும் நீரைக் குடித்துவிட்டு, எஞ்சிய கொம்பைப் பிடித்துப் பொந்துக்கு நடத்திச் செல்லும். கரப்பானை ஒழிப்பதற்காக 1941இல் இதை ஹவாய்த் தீவுகளுக்குக் கொண்டுசென்றார்கள். அங்கே குளவி நிலைத்துவிட்டது, கரப்பானும் ஒழியவில்லை.

பரிசோதனைக்கு வருவோம். நிக்கோ ரின்பேர்கன் நெதர்லாந்தின் மணல்வெளியில் தேனீ வேட்டையாடும் குளவியொன்றின் துளையைச் சுற்றி, குளவி உள்ளே இருக்கும்போது, பைன் மரக் காய்களை வட்டமாக அடுக்கினார். வெளியே வந்த குளவி சில விநாடிகள் மேலே சுற்றிப் பறந்து இடத்தைப் பார்த்துவிட்டுப் போனது. அது இரையோடு திரும்புவதற்குள் வட்டத்தைச் சற்று அப்பால் நகர்த்தி வைத்தார். குளவி துளைக்கு வராமல் வட்டத்தின் நடுவிலேயே இறங்கித் தேடியது. இதை 1932இல் வெளியிட்டார், 1973இல் நோபல் பரிசைப் பகிர்ந்துகொண்டவர்களில் அவரும் ஒருவர். உங்களுக்குப் பைன் காய் தேவையில்லை. காய்ந்த மருதங்காய்கள் மரத்தடியிலேயே கிடக்கும். குளவி பலமுறை போய்வரும்வரை வட்டத்தை வைத்திருந்து, பின் அரை மீற்றர் நகர்த்துங்கள். அது தேடி முடித்ததும் வட்டத்தைத் துளைக்கே திருப்பி வைத்துவிட வேண்டும், இல்லாவிட்டால் அதன் அன்றைய உழைப்புப் பாழாகும். இதைத் தனித்து வாழும் குளவியின் துளையில் மட்டும் செய்யுங்கள். நிலப்பொந்தொன்றில் பல குளவிகள் உள்ளே போய் வெளியே வந்தால் அது ட்ரொப்பிக்காவாக இருக்கலாம். அங்கே காய் அடுக்கப் போகக்கூடாது.

குறிப்பேட்டில் நேரம், வெயிலா மூட்டமா, காற்றின் திசை, வந்த குளவி, எடுத்த பொருள், போன திசை ஆகியவற்றை நிரல்களாக்குங்கள். "ஒன்றும் வரவில்லை" என்ற நேரத்தையும் எழுத வேண்டும். அது இல்லாத குறிப்பு பின்னர் எதனுடனும் ஒப்பிட உதவாது. தனிக்குளவிகளை அடையாளப்படுத்த முடியுமாயின் அவதானிப்பு வேறு தரத்துக்குப் போய்விடும். பெங்களூரு இந்திய அறிவியல் நிறுவனத்தின் ராகவேந்திர கடக்கர், ரோபலிடியா மார்ஜினாட்டா என்ற சிறு கடதாசிக் குளவியின் ஒவ்வொரு பெண்ணுக்கும் வர்ணப்புள்ளியிட்டே, கூட்டில் எவர் எந்த வேலையைச் செய்கிறார் என்பதைப் பல ஆண்டுகளாகத் தொடர்ந்தார். அந்தச் சிறுகுளவியின் கூடு வன்னி வீடுகளின் தாழ்வாரத்திலும் உண்டு, அதைத் தேடி வந்து குடம்பிகளைப் பிடுங்கித் தின்பது ட்ரொப்பிக்கா. அவ்வேளையில் சிறுகுளவிகள் எதிர்க்காமல் விலகி நிற்கும். கண்டால் நேரத்தோடு எழுதி வையுங்கள்.

வளவுக்காரி (மல்லாவி) பதில்:

அலைகரைக்குப் போக அனுமதி கிடைக்காத பிள்ளைகளும் இருப்பார்கள், ஆசிரியரே. அவர்களுக்கு வீட்டு விறாந்தையே போதும். கதவு நிலையிலும் சுவாமிப் படத்தின் பின்னாலும் மண்குளவி கட்டாத வீடு எங்கள் பக்கத்தில் இல்லை. வீட்டில் குளவி கூடு கட்டினால் பிள்ளைப்பேறு கிட்டும் என்று மாமியார் அதை உடைக்க விடமாட்டார், எனவே ஆராய்ச்சிக்கும் இடைஞ்சல் இல்லை. கொட்டக் கொட்டப் புழுவும் குளவியாகும் என்று அவர் சொல்வதற்கும் காரணம் இருக்கிறது. குடுவைக் கூட்டை உடைத்தவர்கள் உள்ளே பச்சைப் புழுக்களைக் கண்டார்கள், சில வாரங்களின் பின் அதே கூட்டிலிருந்து குளவி வெளிவருவதையும் கண்டார்கள். இடையில் கூரையிலிருந்து நூலொன்றில் தொங்கிய முட்டையை அவர்கள் காணவில்லை. புழுக்கள் அந்த முட்டையிலிருந்து வரும் குடம்பிக்கு வைத்த உணவு.

உமிக்குவியலும் எருக்கும்பியும் உள்ளவர்கள் இன்னொன்றையும் பார்க்கலாம். உடல் முழுவதும் மயிர் அடர்ந்த, கறுத்துப் பருத்த குளவி குவியலின் மேல் தாழ்வாகச் சுற்றிச் சுற்றிப் பறந்து, சட்டென்று உள்ளே தோண்டி இறங்கும். ஸ்கோலியிடே குடும்பத்தைச் சேர்ந்த அது, உக்கலில் வளரும் வண்டுப் புழுக்களில் முட்டையிடுகிறது. தென்னங்குருத்தைத் துளைக்கும் காண்டாமிருக வண்டும் அத்தகைய உக்கலில்தான் பெருகுகிறது என்பதால், அந்தக் குளவியை அடித்து விரட்ட நான் எவரையும் விடுவதில்லை.

பிள்ளைகளுக்குக் கொடுக்கக்கூடிய வேலை இது. மூடிய மண்கூடொன்றைத் தகட்டால் மெதுவாகக் கழற்றி, வாயை நுளம்புவலைத் துணியால் கட்டிய போத்தலில் நிழலில் வைத்து, அது கட்டி முடிக்கப்பட்ட திகதியையும் எதிரே எழுதச் சொல்லுங்கள். வெளிவருவது எப்போதும் வீட்டுக்காரியாக இருப்பதில்லை. பச்சையும் நீலமுமாக மினுங்கும், தொட்டால் உருண்டுகொள்ளும் குளவியொன்று வந்தால் அது ஸ்ரில்பம் சயனூரம். மண்குளவியின் கூட்டில் தன் முட்டையை இட்டு, அங்குள்ளவற்றை உண்டு வளர்வது. அப்படி வந்தால் கூட்டின் எந்த அறையிலிருந்து, எத்தனை மணிக்கு வந்தது என்பதை எழுதிவிட்டுத் திறந்துவிடலாம். மற்ற அறைகளைத் தொடாமல் போத்தலை அப்படியே வைத்திருங்கள், ஏனெனில் அடுத்த அறையில் மண்குளவியே இருக்கக்கூடும்.